அந்த வரி வரும்போது

வெங்காயம் உரிக்கிற இடத்தில் உட்கார்ந்தால் கண்ணில் தண்ணீர் வருவதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்றுதான் இங்கே வந்து உட்கார்ந்தேன். நாளைக்கு அசனம், சபையின் பொது விருந்து. ஆராதனை முடிந்ததும் ஊரே கோயில் முற்றத்தில் பந்தியில் உட்காரும். அதற்கு இன்றைக்கு மத்தியானமே பெண்கள் சங்கத்தார் கூடிவிட்டோம். கோயிலுக்குப் பின்னால், மதில் ஓரமாகப் பந்தல். தரையில் சாக்கு விரித்து, சின்ன வெங்காயத்தைக் குவியலாகக் கொட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் கத்தரிக்காய் நறுக்குகிறவர்கள், கழுவிக் கவிழ்த்த அண்டாக்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் கிருபாவதி அக்கா, எங்கள் சங்கத் தலைவி, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, "ஹெலனு, கத்தி மழுங்கிட்டுன்னா சொல்லு, வேற தாரேன்" என்கிறாள். தலையை ஆட்டினேன். கத்தி மழுங்கவில்லை. வேறு எதுவோ மழுங்கியிருக்கிறது. எனக்கு நேர் எதிரே, உரித்த வெங்காயம் விழுகிற சட்டிக்கு அந்தப் பக்கம், பிளாரன்ஸ் உட்கார்ந்திருக்கிறாள். என் தம்பி ஜெயசிங்கின் பெண்டாட்டி. தானாக வந்து உட்காரவில்லை பாவம். எல்லா இடத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். கிருபாவதி அக்காதான், "அங்கன என்ன பராக்கு, இங்க நெழலுல்லா இருக்கு" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அந்த அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. ஊரில் எல்லாருக்கும் தெரியும். பிளாரன்ஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஒரே சட்டியைப் பார்க்கிறோம். நான் ஒன்று போடுகிறேன், அவள் ஒன்று போடுகிறாள். இரண்டு கையும் ஒரே நேரத்தில் சட்டிக்குப் போய்விடாமல் இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம்.

கை வேலையாக இருந்தால் வாய்க்குள் பேச்சு ஓடும் எனக்கு. முன்பெல்லாம் அப்படித்தான். எனக்கு வேதத்தில் பெரிய ஞானம் கிடையாது, வசனம் கேட்டால் அதிகாரம் மறந்துவிடும். கல்யாணம் ஆகி வந்த புதிதில், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் அடுப்படியில் நின்றபோது தொற்றிக்கொண்ட பழக்கம். ஆண்டவரே, இந்தப் பால் பொங்குவதற்குள் பிள்ளைக்குத் தலை பின்னி முடிக்க முடியுமா பாரும். ஆண்டவரே, அரிசியில் இத்தனை கல்லா, அந்தக் கடைக்காரனுக்கு நல்ல புத்தி கொடும். ஆண்டவரே, உப்புப் போட்டேனா, போடவில்லையா. முழங்காலில் நிற்பது வேறு, அது ராத்திரி குடும்ப ஜெபத்தில் என் புருசன் எட்வின் நீட்டி முழக்கும்போது தூக்கத்தோடு ஆமென் சொல்வது. இது ஜெபம் என்றுகூட நான் நினைத்ததில்லை. பதில் என்று ஒரு குரல் வந்ததும் இல்லை. ஆனால் கேட்கிற ஆள் இருந்தார். பக்கத்து அறையில் ஒருவர் இருக்கிறார் என்பது சத்தம் இல்லாமலே தெரியுமே, அந்த மாதிரி. இப்போது இல்லை. காலி என்றும் சொல்ல முடியவில்லை. காலி வீட்டுக்கு ஒரு அமைதி உண்டு, அதில் பயம் இல்லை. இது சற்றுமுன் ஒருவர் எழுந்து போன பாய் மாதிரி, சூடு ஆறாமல் கிடக்கிறது. துணி துவைக்கும்போது யாரோ முதுகுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் கொடியில் துண்டு ஆடும். அந்தத் துண்டு என் மகள் பெனிட்டாவுடையது. தலை துவட்டுகிற துண்டு. அதை மடித்து வைக்கலாம். வைக்கவில்லை. திரும்பத் திரும்பத் துவைத்துக் கொடியில் போடுகிறேன். எட்வின் ஒன்றும் சொல்வதில்லை. நீரும் ஒன்றும் சொல்வதில்லை. பாரும், நீர் என்று சொல்லிவிட்டேன். யாரைச் சொன்னேன்? சொல்லிவிட்டுக் காத்திருந்தால் அந்த வார்த்தை போன இடம் தெரியாமல் கிடக்கிறது, கிணற்றில் போட்ட கல் தண்ணீரைத் தொடாத மாதிரி. தொடாத மட்டும் அது விழுந்துகொண்டே இருக்கும். அதுதான் பயமாக இருக்கிறது.

வெங்காயத்தின் மேல்தோல் காய்ந்து சருகு மாதிரி வருகிறது. அதற்குள் இன்னொரு தோல், ஈரமாக. பெனிட்டாவின் கைவிரலில் பிளாஸ்திரியை உரித்தபோது அடியில் தோல் இப்படித்தான் வெளுத்து ஈரமாக இருந்தது. அது எப்போது, பள்ளிக்கூடத்தில் படித்தபோது, காம்பஸ் குத்தி. கடைசியாகப் பார்த்த கை அதுவல்ல. கடைசியாகப் பார்த்ததை நினைக்கக் கூடாது. வெங்காயத்தை நினை. திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தாள். லீவுக்கு பஸ்ஸில் வருகிறேன் என்றாள், எப்போதும் பஸ்ஸில்தான் வருவாள். ஜெயசிங்தான் விடவில்லை. பழைய கார் ஒன்று வாங்கியிருந்தான், அதைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான். "மருமவ பஸ்ஸுல இடிபட்டுக்கிட்டு வரணுமாக்கும்? மாமன் எதுக்கு இருக்கேன்?" என்று விடியுமுன்னே கிளம்பிப் போனான். ஞானஸ்நானத்துக்கு அவளைக் கையில் ஏந்தி நின்றவன் அவன்தான், சட்டையெல்லாம் நனைந்து, சிரித்துக்கொண்டு. திரும்பி வருகையில் கயத்தாறு தாண்டி, பட்டப்பகலில், கண் அசந்துவிட்டான். அவ்வளவுதான். கண் அசந்துவிட்டான் என்று போலீஸ்காரர் சொன்னார். எட்வின் சொன்னான். ஜெயசிங் மட்டும் இதுவரை என்னிடம் சொல்லவில்லை. சொல்ல நான் விட்டால்தானே. கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடித்ததும் என்னிடம் வந்தான். செருப்பு இல்லை காலில். நெற்றியில் சின்னதாக ஒரு கட்டு. அவ்வளவுதான் அவனுக்கு, ஒரு சின்னக் கட்டு. "அக்கா" என்று வாயைத் திறந்தான். "இனிமே என் கண்ணுல படாத" என்றேன். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. அவன் அப்படியே திரும்பிப் போனான். அன்றையிலிருந்து படவில்லை. இந்தச் சின்ன ஊரில், இரண்டு தெரு தள்ளி இருக்கிறவன், ஒரு வருசமாக என் கண்ணில் படவில்லை. கோயிலுக்கு வருவதில்லை. கடைக்கு நான் போகிற நேரம் அவன் போவதில்லை. எங்கள் தெருவுக்குள் வராமல் சுற்றிக்கொண்டு குளத்தங்கரை வழியாகப் போகிறானாம். என்ன கீழ்ப்படிதல். சின்ன வயதில் ஒரு சொல் கேட்டிருப்பானா, தண்ணீர் எடுத்து வாடா என்றால் குடத்தைப் போட்டுவிட்டு விளையாட ஓடுகிறவன், இந்த ஒரு சொல்லை மட்டும் இப்படிக் கேட்டுவிட்டான்.

இந்த இடத்துக்கு வந்ததும் எப்போதும் ஒரு நினைப்பு வரும். வராமல் இருக்க வேறு எதையாவது நினைப்பேன், ஆனாலும் வந்துவிடும். அவனைப் போகச் சொன்ன அன்றைக்குத்தான் ஆண்டவரும் போனார். பெனிட்டா போன அன்றைக்கு அல்ல. அன்றைக்கு இருந்தார், ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றபோது பக்கத்தில்தான் இருந்தார், எனக்குத் தெரியும், நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன், ஆள் இல்லாமல் திட்ட முடியாது. மறுநாள் கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் தெரிந்தது, இல்லை என்று. ஆண்டவரே, அவன் பின்னாலேயே போய்விட்டீரா? செருப்பில்லாமல் போனானே, அவன் கூடவா போனீர்? பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான். என் கூட அல்லவா இருக்க வேண்டும். இது என்ன நியாயம். யாரிடம் கேட்பது இதை? போதகரிடம் கேட்டால் ஜெபம் பண்ணுங்கள் என்பார். ஜெபம் பண்ணுகிறேன். எல்லாம் செய்கிறேன். காலையில் வேதம் வாசிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்காருகிறேன், பாட்டுக்கு எழுந்து நிற்கிறேன். பரமண்டல ஜெபத்தில் அந்த ஒரு வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன். மற்ற வரியெல்லாம் சொல்கிறேன். அன்றாட ஆகாரம் கேட்கிற வரியைச் சொல்கிறேன். அடுத்தது மன்னிப்பு. நாங்கள் மற்றவர்களுக்கு எப்படியோ, எங்களுக்கும் அப்படியே செய்யும் என்று கேட்கிற வரி. அதை எப்படிக் கேட்பேன், கேட்டு, அவர் அப்படியே கொடுத்துவிட்டால்? சபை முழுவதும் சொல்கிற சத்தத்தில் நான் சொல்லாதது யாருக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு அந்த வரி என்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கும் வரைக்கும் இருப்பேன், பிறகு சேர்ந்துகொள்வேன். ஒருநாள் எட்வின் சாப்பிட்டுக்கொண்டே, "அவன் என்ன வேணும்னா செஞ்சான்?" என்றான். தட்டைப் பார்த்துத்தான் சொன்னான். அன்றைக்கு அவனோடும் பேச்சை நிறுத்தினேன். ஒவ்வொரு ஆளாக நிறுத்திக்கொண்டு வருகிறேன். ஜெயசிங் வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும். அதனால்தான் முடியவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் அது அவன் பாவம், அதை மன்னிப்பதற்கு ஒரு இடம் இருக்கும். தூங்கினவனை என்ன செய்வது. ராத்திரி எனக்குத் தூக்கம் வரும்போதெல்லாம் இவ்வளவுதானா, இந்த இதம்தானா என் பிள்ளையைக் கொண்டுபோனது என்று விழித்துக்கொள்கிறேன்.

"டீ வந்துட்டு" என்று யாரோ சொன்னார்கள். கத்தரிக்காய்ப் பக்கத்திலிருந்து எழுந்து வருகிறார்கள். ஓடும் தண்ணீரில் கை கழுவுகிற சத்தம். கிருபாவதி அக்கா, "இருங்க, இருங்க, ஒரு ஜெபம் பண்ணிக்கிடுவோம், நாளைய காரியமெல்லாம் நல்லபடியா நடக்கணும்லா" என்று எல்லாரையும் நிற்க வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வேறு யாரையாவது பார்க்கிறாள் என்று பின்னால் திரும்பினேன். "உன்னத்தான் ஹெலனு. நீ பண்ணி எவ்வளவு நாளாச்சி." "எனக்குத் தொண்ட சரியில்லக்கா." "சும்மா பரமண்டலத்த ஆரம்பிச்சு விடு, நாங்க கூடச் சொல்லுதோம்." எல்லாரும் ஏற்கெனவே முக்காடு போட்டுக் கண்ணை மூடிவிட்டார்கள். கண் மூடின முகங்களுக்கு முன்னால் மறுப்பது கஷ்டம். நானும் மூடினேன். ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதாகக் கேட்டது. அவர்கள் என் பின்னாலேயே சொன்னார்கள், கொஞ்சம் தள்ளி, வண்டியின் பின்னால் நடக்கிற ஆட்கள் மாதிரி. நாமம், ராஜ்யம், சித்தம். ஒவ்வொரு படியாக இறங்குகிறேன். அது வரப்போகிறது. சபையில் என்றால் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளலாம். இங்கே முன்னால் போகிறவளே நான். வேகமாகச் சொல்லிவிடலாமா, அர்த்தத்தை நினைக்காமல், வாய்ப்பாடு மாதிரி? ஒரு வருசமாகப் பொய் சொல்லாமல் இருந்தேனே, அது ஒன்றுதானே அவரிடம் நான் சுத்தமாக வைத்திருப்பது. இல்லாதவரிடம் என்ன சுத்தம். ஆகாரம் என்று சொன்னேன். அவர்கள் சொல்லி முடித்தார்கள். நின்றுவிட்டேன்.

மறந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள், இன்னும் நான் சொல்வேன் என்று காத்திருந்தார்கள். அண்டா ஒன்றின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம். கண்ணைத் திறந்தேன். எல்லாரும் கண் மூடியிருந்தார்கள். பிளாரன்ஸ் மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு இறுகியிருந்தது. அடுத்த நிமிசம் கிருபாவதி அக்கா தானாகவே அந்த வரியை எடுத்துக்கொடுத்தாள், எல்லாரும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். பிளாரன்ஸ் சேரவில்லை. வாய் அசையவில்லை. வரி முழுவதும் முடிகிற வரைக்கும் என்னை மாதிரியே நின்றாள். என்னை மாதிரியே, அடுத்த வரியில் தலையைக் குனிந்து சேர்ந்துகொண்டாள். இவள் ஏன் நிறுத்துகிறாள்? இவளுக்கு என்ன இருக்கிறது மன்னிக்க? என்னையா? என்னைத்தான். கட்டின புருசனை ஊரிலேயே ஒளிந்து வாழ வைத்தவளை. அதை நினைத்ததும் எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. ஒரு வருசமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயிலில் இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறோம். நான் முன்வரிசையில், இவள் எங்கேயோ தூணுக்குப் பின்னால். ஆண்டவர் எங்களுக்கு நடுவில் நின்று எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் இருந்திருப்பாரோ.

ஆமென் சொன்னதும் பேச்சு கலகலவென்று கிளம்பியது. பிளாரன்ஸ் டீ வாங்கினாள். குடிக்கவில்லை. இன்னொரு கிளாஸும் வாங்கினாள். இரண்டையும் வைத்துக்கொண்டு பந்தலின் ஓரத்தில், மதில் கேட்டைப் பார்த்தபடி நின்றாள். நான் அவளிடம் போகவில்லை, கை கழுவத்தான் போனேன். குழாய் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

"யாருக்கு அது?" என்றேன். ஒரு வருசத்துக்குப் பிறகு அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு.

அவள் கிளாஸைப் பார்த்தாள். "அவியளுக்கு."

"எங்க இருக்கான்?"

"மதிலுக்கு அந்தால, புளியமரத்தடியில." பிறகு அவசரமாக, "உள்ள வரமாட்டாவ மைனி. நீங்க இருக்கியன்னு தெரியும். என்னக் கொண்டாந்து விட்டுட்டு அங்கனயே உக்காந்துருக்காவ. நான் எங்க போனாலும் வாசல் மட்டும் வந்துட்டு வெளிய நிப்பாவ. ஞாயித்துக்கெழமையும் அப்பிடித்தான். ஆராதன முடியிற மட்டும் அங்கன நின்னு கேட்டுட்டு, நீங்க வெளிய வாரதுக்குள்ள போயிருவாவ" என்றாள்.

"ஞாயித்துக்கெழமையுமா?"

"ஒருநாளும் விட்டதில்ல."

கோபம் வந்துவிட்டது எனக்கு, யார் மேல் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, வெறும் சுவரைப் பார்த்து, எங்கே இருக்கிறீர், எங்கே இருக்கிறீர் என்று கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம். "அந்த வரிய நீயும் சொல்லலியே" என்றேன். பிளாரன்ஸின் முகம் உடைந்தது. "உங்க மேல வருத்தம் இருக்கு மைனி. இல்லன்னு எப்பிடிச் சொல்ல? பெனிட்டா எனக்கும் பிள்ளதான. நீங்க அழுதிய, உங்க கூட ஊரே அழுதுச்சி. எங்க வீட்டுல நாங்க ரெண்டு பேரும் சத்தம் வெளிய கேக்காம அழுதோம்." அவள் கையிலிருந்து ஒரு கிளாஸை வாங்கினேன். சுட்டது. சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டேன்.

கேட்டுக்கு நடக்கிறேன். பந்தலில் பேச்சு குறைகிறது, முதுகில் தெரிகிறது. ஏன் போகிறேன்? மன்னிக்கப் போகிறேனா? இல்லை. அப்படி ஒன்றும் எனக்குள் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. டீ ஆறிவிடும், அதனால் போகிறேன். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். அவனைப் பார்த்ததும் கயத்தாறு ரோடு கண்ணுக்குள் வந்துவிட்டால்? என்னையறியாமல் கையை ஓங்கிவிட்டால்? கேட்டுக்கு வெளியே வெயில் அப்படியே முகத்தில் அடிக்கிறது. புளியமரத்தடியில் யாரோ வயதானவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். யாரிது என்று பார்க்கிறேன். ஜெயசிங்தான். என்னைக் கண்டதும் எழுந்தான், எழுந்த வேகத்தில் முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டான். கண்ணில் படக்கூடாதல்லவா. முதுகு மட்டும் என் பக்கம். சட்டைக்குள் தோள்பட்டை எலும்பு கம்பி மாதிரி தெரிகிறது. என் தம்பி நல்ல ஆஜானுபாகு. இரண்டு பேர் தூக்குகிற அண்டாவை ஒற்றை ஆளாக இறக்குவான்.

"ஏல" என்றேன்.

திரும்பவில்லை. "நான் போயிருதேன்க்கா. நீ வெளிய வருவன்னு தெரியாது."

"டீ ஆறுது. பிடி."

கையை மட்டும் பின்னால் நீட்டினான், முகத்தைத் திருப்பாமல். கிளாஸைக் கொடுக்காமல் நின்றேன். அந்தக் கை. பிள்ளையை ஏந்தின கை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை. இரண்டும் இதுதான். இரண்டையும் பிரிக்கவும் முடியாது, ஒன்றை வெட்டிவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளவும் முடியாது. அவன் சுவரிடம்தான் பேசினான். "அக்கா, நான் தூங்கிட்டேன்க்கா. அவ பாடிட்டே வந்தா. அந்தப் பாட்டுல எனக்குக் கண்ணு சொக்கிட்டு. நான் தூங்கிட்டேன்."

அவள் பாடிக்கொண்டு வந்தாள். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. பயந்து, கத்தி, அம்மா என்று கூப்பிட்டு என்றுதான் ஒரு வருசமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கத்தலைத்தான் தினமும் கேட்டேன். அவள் பாடிக்கொண்டு வந்திருக்கிறாள். இவனிடம் இருந்திருக்கிறது அது, இத்தனை நாளும், இந்த மதிலுக்கு அந்தப் பக்கம்.

"ஏல, என்ன பாட்டு?" என்றேன். என் குரல் எங்கிருந்தோ வந்தது.

திரும்பினான். முகம் முழுவதும் நனைந்திருந்தது. நெற்றியில் கட்டு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு. ஆண்டவரே, இவன் என்ன இப்படி மெலிந்துவிட்டான், சாப்பிடுகிறானா இல்லையா பாரும். டீக்கிளாஸை அவன் கையில் வைத்தேன். டீ தளும்பி விரலில் கொட்டியது, அவனுக்குச் சுட்டதாகவே தெரியவில்லை. எனக்கு இன்னும் அவனைத் தொட முடியவில்லை. நாளைக்கும் முடியாமல் போகலாம். "உள்ள வா. அங்க வந்து சொல்லு, பிளாரன்ஸும் இருக்கா" என்று சொல்லிவிட்டு கேட்டைப் பார்த்து நடந்தேன். அவன் வருகிற சத்தம் கேட்டது. நன்றாகத் தள்ளி, என் நிழல்கூட அவன் மேல் படாத தூரத்தில் வந்தான். நான் நடையைக் குறைத்தேன். அவனும் குறைத்தான். கேட்டுக்குள் ஒரு காலை வைத்து நான் நின்றேன். அவனும் நின்றான். நான் நகரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு, அவன் என் பக்கத்தில் வந்து சேருகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.